'பூஞ்சை' என்று ஏசிய ஊரே சிலை வைத்தது!
7 அடி ஆட்டக்காரரைப் பற்றி டல்லாஸ் ரசிகர்கள் போட்ட 13 வருடச் சண்டை

ஒரு மனிதரைப் பற்றி ஒரு ஊரே 13 வருடம் வாய்ச்சண்டை போட்டது.

ஊர்: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டல்லாஸ். மனிதர்: டிர்க் நோவிட்ஸ்கி. ஜெர்மனிக்காரர். உயரம் 7 அடி. டல்லாஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணியின் நட்சத்திரம்.

சண்டை என்ன? இவர் நிஜமாகவே பெரிய ஆட்டக்காரரா? இல்லை, சும்மா பாயிண்டு குவித்துவிட்டு, முக்கியமான நேரத்தில் கையை உதறும் ஆளா? அவ்வளவுதான்.

ஆபீசில் இந்தப் பேச்சு. மதுக்கடையில் இந்தப் பேச்சு. நேயர்கள் போன் போட்டுப் பேசும் ரேடியோ நிகழ்ச்சியிலும் இதே பேச்சு. "அவன் இல்லாட்டி அணியே இல்லை" என்று ஒரு கட்சி. "அவன் இருக்கிறவரை கோப்பையே இல்லை" என்று இன்னொரு கட்சி.

கடைசியில் யார் ஜெயித்தார்கள்? அந்தக் கதைதான் இது.

'பவர்' எங்கே?

கூடைப்பந்தில் ஒரு அணிக்கு 5 பேர். அதில் ஒருவருக்கு 'பவர் பார்வர்டு' என்று பெயர். பெயரிலேயே பவர் இருக்கிறது.

அவருடைய வேலை என்ன? வளையத்துக்குக் கீழே நிற்க வேண்டும். எதிரியை முட்டித் தள்ள வேண்டும். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எட்டிப் பிடிக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், கூட்டமான பஸ்சில் இடம் பிடிக்கிற வேலை!

கார்ல் மலோன், சார்லஸ் பார்க்லி போன்ற முந்தைய பவர் பார்வர்டுகள் மலை போல் உடம்பை வைத்துக் கொண்டு இந்த வேலையைச் செய்தார்கள். ரசிகர்களுக்கு அதுதான் பழக்கம்.

டிர்க் வந்தார். வளையத்தைவிட்டு 20 அடிக்கு மேல் தள்ளிப் போய் நின்றார். அங்கிருந்து பந்தை வீசினார்.

ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. "7 அடி உயரத்தை வச்சுக்கிட்டு இவன் ஏன் அங்கே போய் நிக்கிறான்? அடி விழும்னு பயமா?" என்கிற ரீதியில் கேலி கிளம்பியது. 'பூஞ்சை ஆள்' என்ற பட்டமும் ஒட்டிக் கொண்டது.

ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. டிர்க் வெளியே நின்றால், அவரைக் காவல் காக்கும் எதிரணி நெட்டையரும் வெளியே வந்தாக வேண்டும். வளையத்துக்குக் கீழே காவல் காலி. சக ஆட்டக்காரர்கள் சுலபமாக உள்ளே நுழைந்துவிடலாம். அவர் பந்தைத் தொடாமலே அணிக்கு வழி திறந்துவிட்டார். இது பாயிண்டுப் பட்டியலில் ஏறாது. அதனால் பலர் கண்ணில் படவில்லை.

ஒற்றைக்கால் வித்தை

டிர்க் பிறந்தது 1978-ல், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில். அம்மா கூடைப்பந்து ஆட்டக்காரி. அப்பா ஹேண்ட்பால் ஆட்டக்காரர். பையனைச் செதுக்கியவர் ஹோல்கர் கெஷ்விண்ட்னர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனி கூடைப்பந்து அணியின் கேப்டன்.

கெஷ்விண்ட்னர் கணக்கும் இயற்பியலும் படித்தவர். பந்து எந்தக் கோணத்தில் போனால் வளையத்துக்குள் விழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தே சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் பயிற்சியில் வளர்ந்தவரிடம் பிற்பாடு ஒரு வித்தை வந்தது. இடது காலில் நிற்பார். வலது முழங்காலை முன்னால் தூக்குவார். உடம்பைப் பின்னால் சாய்ப்பார். அப்படியே வீசுவார். 7 அடி ஆள் பின்னால் சாய்ந்தால் எவன் கை எட்டும்? ஒருவர் கையும் எட்டவில்லை. பின்னாளில் எதிரணி ஆட்டக்காரர்களே அதைப் பார்த்துப் பழகிக் கொண்டார்கள்.

1998-ல் அமெரிக்கத் தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கியபோது, டிர்க்கை 9-வது ஆளாக எடுத்தது மில்வாக்கி அணி. எடுத்த கையோடு டல்லாசுக்கு மாற்றிவிட்டது. பதிலுக்கு அது வாங்கிக் கொண்டது, ராபர்ட் டிரேலர் என்ற பருத்த ஆட்டக்காரரை.

முதல் சீசனில் டிர்க் எடுத்தது ஆட்டத்துக்குச் சராசரி 8 பாயிண்டு சொச்சம். "இதுக்கா வாங்கினாங்க?" என்று ஊர் சிரித்தது.

பெயரையும் வெட்டினார்கள். ஆங்கிலத்தில் தடுப்பு ஆட்டத்துக்கு 'டிபென்ஸ்' என்று பெயர். முதல் எழுத்து 'டி'. இவரிடம் டிபென்சே இல்லை, ஆகவே பெயரிலும் 'டி' கூடாதாம். 'டிர்க்' இல்லை, வெறும் 'இர்க்'!

கையைவிட்டுப் போன கோப்பை

வருடங்கள் ஓடின. டிர்க் 20, 25 என்று பாயிண்டு குவித்தார். 2006-ல் சான் அன்டோனியோ அணியோடு நடந்த 7-வது ஆட்டத்தில், தோல்வியின் விளிம்பில் இருந்த அணியை 37 பாயிண்டு எடுத்துக் காப்பாற்றினார். டல்லாஸ் முதல் தடவையாக இறுதிச் சுற்றுக்குப் போயிற்று. எதிரி, மியாமி ஹீட்.

முதல் 2 ஆட்டத்திலும் டல்லாசுக்கு வெற்றி. இன்னும் 2 ஜெயித்தால் கோப்பை. ஊரில் வெற்றி ஊர்வலப் பேச்சே ஆரம்பமாகிவிட்டது.

3-வது ஆட்டம். கடைசி 6 நிமிடம் சொச்சம் இருக்கும்போது டல்லாஸ் 13 பாயிண்டு முன்னணி. அங்கேதான் சறுக்கல். மியாமியின் டுவேன் வேட் பந்தும் கையுமாகப் புகுந்து விளையாடினார். முன்னணி கரைந்தது.

3 வினாடி சொச்சம் பாக்கி. டல்லாஸ் 2 பாயிண்டு பின்னால். டிர்க் கையில் 2 பிரீ த்ரோ. அந்த சீசனில் 10 வீசினால் 9 போட்டவர் அவர்.

முதல் பந்து உள்ளே. இரண்டாவது பந்து... வெளியே!

டல்லாஸ் தோற்றது. அதற்குப் பிறகு நடந்த 3 ஆட்டத்திலும் தோற்றது. கோப்பை மியாமிக்குப் போயிற்று.

ரசிகர்கள் முதலில் ரெப்ரிகளைத் திட்டினார்கள். 5-வது ஆட்டத்தில் வேட் ஒருவருக்கு மட்டும் 25 பிரீ த்ரோ. டல்லாஸ் அணி மொத்தத்துக்கும் கிடைத்ததும் அதே 25! ஆனால் ரெப்ரியைத் திட்டி எத்தனை நாள் ஓட்ட முடியும்? கோபம் டிர்க் மேல் திரும்பியது. "கடைசி நேரத்தில் அவர் தலைவராக நடந்து கொள்ளவில்லை" என்கிற பொருளில் வேட்டும் பேசினார். எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

விருது வந்தது, மானம் போனது

அடுத்த சீசன். டல்லாஸ் 82 ஆட்டத்தில் 67 வெற்றி. நாட்டிலேயே அதிகம். ஆனால் நாக்-அவுட் முதல் சுற்றில், 8-வது இடத்தில் தொற்றிக் கொண்டு வந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியிடம் உதை வாங்கியது!

எதிரணி கோச் டான் நெல்சன். முன்பு டல்லாசில் டிர்க்கை வளர்த்தவரே அவர்தான். எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். குட்டையான, சுறுசுறுப்பான ஆட்களை டிர்க்கின் காலடியில் ஒட்ட வைத்தார். கடைசி ஆட்டத்தில் டிர்க் 13 முறை வீசி 2 தான் போட்டார். வெறும் 8 பாயிண்டு.

ஆட்டம் முடிந்து உள்ளே போனவர், குப்பைத் தொட்டியைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். சுவரில் ஓட்டை! அந்த ஓட்டையை அடைக்காமல் அப்படியே விட்டு வைத்தார்கள், ஓக்லண்ட் ஸ்டேடியக்காரர்கள்.

அது நடந்தது 2007 மே 3. மே 15-ந் தேதி அந்த வருடத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை டிர்க்கிடம் கொடுத்தார்கள். அந்த விருதை வாங்கிய முதல் ஐரோப்பியர் அவர். சாதாரணமாக அது கொண்டாட்டம். அன்றைக்கு அது துக்க வீடு.

டிர்க் கெஷ்விண்ட்னரோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். வாரக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றினார். டல்லாசில் சண்டை உச்சத்துக்குப் போயிற்று. "வித்துடுங்கப்பா" என்றது ஒரு கட்சி. மற்றக் கட்சிக்குப் பேச வாய் இல்லை.

காய்ச்சலோடு களத்தில்

2010-ல் ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தை வேண்டாம் என்று விட்டார். வேறு அணிக்குப் போக டிர்க்குக்கு வழி இருந்தது. அதே வருடம் கிளீவ்லாந்தைவிட்டு மியாமிக்குப் போனார் லெப்ரான் ஜேம்ஸ். அங்கே ஏற்கனவே வேட். கூடவே கிறிஸ் பாஷ். மூன்று ராஜாக்கள் ஒரே அணியில்!

டிர்க் போகவில்லை. டல்லாசில்தான் இருப்பேன் என்று, கிடைக்க வேண்டியதைவிடக் குறைந்த பணத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

2011 ஜூன். இறுதிச் சுற்று. எதிரி யார்? அதே மியாமி!

முதல் ஆட்டத்தில் தோல்வி. போதாததற்கு டிர்க்கின் இடது நடுவிரலில் தசைநார் கிழிந்தது. கட்டுப் போட்டுக் கொண்டார்.

2-வது ஆட்டத்தில் 7 நிமிடம் இருக்கும்போது டல்லாஸ் 15 பாயிண்டு பின்னால். ரசிகர்கள் டி.வி.யை அணைக்கிற நேரம். அணைத்தவர்கள் பிறகு தலையில் அடித்துக் கொண்டார்கள். டல்லாசின் கடைசி 9 பாயிண்டும் டிர்க் எடுத்தது. வெற்றி தேடித் தந்த பந்தை, கட்டுப் போட்ட அதே இடது கையால் போட்டார்!

4-வது ஆட்டத்தில் 101 டிகிரி காய்ச்சல். இருமிக் கொண்டே ஆடி 21 பாயிண்டு. டல்லாஸ் 86-83 என்று ஜெயித்தது. மறு ஆட்டத்துக்கு முன்னால் வேட்டும் ஜேம்சும் கேமரா முன் இருமிக் காட்டியது டி.வி.யில் வந்தது. டிர்க்கைக் கேலி செய்கிறார்கள் என்று டல்லாஸ் கொதித்தது. நிஜமாகவே இருமல் வந்தது என்றார் வேட்.

ஜூன் 12. 6-வது ஆட்டம். முதல் பாதியில் டிர்க் 12 வீசி 1 தான் போட்டார். பழைய பயம் ஊரைப் பிடித்தது. ஆனால் ஜேசன் டெர்ரி 27 பாயிண்டு எடுத்துத் தாங்கிப் பிடித்தார். கடைசிப் பகுதியில் டிர்க் விழித்துக் கொண்டார். 105-95. டல்லாசுக்கு முதல் கோப்பை!

தொடரின் சிறந்த ஆட்டக்காரர் டிர்க். ஆனால் கோஷம் போட்ட இடத்தில் அவர் இல்லை. கடிகாரம் முடியும் முன்பே மேஜையைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டார். தனியாக உட்கார்ந்து அழுதார். 7 அடி மனிதர்!

ஒரு பந்துதானா வித்தியாசம்?

மறுநாள் டல்லாசில் 'பூஞ்சை' என்று சொல்ல ஆளே இல்லை. 13 வருடமாகச் சொன்னவர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை!

நியாயமாகப் பார்த்தால் கேள்வி இங்கேதான் எழுகிறது. 2006-ல் ஆடியவரும் 2011-ல் ஆடியவரும் ஒருவர்தானே? ஒரு பந்து வெளியே போனதால் கோழை, ஒரு பந்து உள்ளே விழுந்ததால் வீரன் என்றால், அது மனிதனை எடை போடுகிற தராசா?

எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. சாதாரண ஆட்டங்களில் டிர்க்கின் வாழ்நாள் சராசரி 20.7 பாயிண்டு. நாக்-அவுட் ஆட்டங்களில் 25.3. முக்கியமான நேரத்தில் கையை உதறுகிறவருக்கு அங்கே கூடுமா, குறையுமா?

2006-ல் இல்லாத ஒன்று 2011-ல் இருந்தது. வளையத்துக்குக் கீழே காவல் காக்க டைசன் சாண்ட்லர் என்ற நெட்டையர் வந்து சேர்ந்திருந்தார். டிர்க்கின் குறையை அவர் மூடினார். ஆக, மாறியது டிர்க் அல்ல, பக்கத்தில் நின்றவர்கள்.

எதிர்க்கட்சி சொன்னதிலும் உண்மை உண்டு. தடுப்பு ஆட்டத்தில் டிர்க் கெட்டிக்காரர் இல்லை. அதே டெக்சாசில் சான் அன்டோனியோ அணிக்கு ஆடிய டிம் டங்கனுக்கு 5 கோப்பை, டிர்க்குக்கு 1. சிறந்த தடுப்பாளர் பட்டியலில் டங்கன் 15 தடவை. டிர்க் ஒரு தடவைகூட இல்லை. உலகின் முதல் பவர் பார்வர்டு யார் என்று கேட்டால், டல்லாஸ்காரர் பலரே டங்கன் பெயரைச் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள்.

சிலையடியில் முறையீடு

டிர்க் ஒரே அணிக்கு 21 சீசன் ஆடினார். அப்படி ஆடியவர் வேறு யாரும் கிடையாது. 2019-ல் ஓய்வு பெற்றபோது மொத்தம் 31,560 பாயிண்டு. அவருடைய 41-ம் நம்பர் பனியனை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று அணி முடிவு செய்தது. ஒரு தெருவுக்கு அவர் பெயர். 2022 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டேடியத்துக்கு வெளியே சிலை. எந்த நிலையில்? ஒற்றைக்காலில் பின்னால் சாய்ந்து பந்து வீசும் அதே நிலையில்!

2025 பிப்ரவரியில், டல்லாஸ் அணியின் இளம் நட்சத்திரம் லூகா டோன்சிச்சை நிர்வாகம் திடீரென்று லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். திரண்டு வந்து கோஷம் போட்டார்கள். சவப்பெட்டியும் கொண்டு வந்தார்கள்.

அதை எங்கே கொண்டு போய் வைத்தார்கள் தெரியுமா?

டிர்க் சிலையின் காலடியில்!