ஓவர் கணக்கை யாரு வச்சிருக்கா?

இன்னைக்கு எபிசோட் ஸ்கூல் டீம்ல விளையாடுற பசங்களோட அப்பா அம்மாவுக்கு. "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல ப்ரோ"ன்னு ஆஃப் பண்ணிடாதீங்க. உங்க வீட்டுலயும் ஒரு அக்கா பையனோ சித்தி பொண்ணோ கிட்பேக்கைத் தூக்கிட்டு அலையும். கேட்டுட்டு அவங்களுக்கு அனுப்பி விடுங்க.

என் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன். ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல் டீம்ல நான் ஓப்பனிங் பவுலர். காலையில ஸ்கூல் நெட்ஸ், சாயங்காலம் அகாடமி, ஞாயிற்றுக்கிழமை ஏரியா டீமுக்கு டோர்னமென்ட். அந்த டிசம்பர்ல இடுப்புக்கு மேல, இடது பக்கமா ஒரு வலி. பந்து போட்டா வரும், உட்கார்ந்தா போயிடும். நான் யார்கிட்டயும் மூச்சு விடல. அப்பா கடன் வாங்கி ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். தினமும் டி.வி.எஸ். 50ல பின்னாடி ஏறின உடனே அவர் கேட்கிற ஒரே கேள்வி, "எத்தனை விக்கெட்டுடா?" ஆசையா தான் கேட்பார். எத்தனை ஓவர் போட்டேன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

மார்ச்ல ஒரு நாள் ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சவன் நிமிர முடியல. எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல. எம்.ஆர்.ஐ.ல தான் தெரிஞ்சது, ஸ்ட்ரெஸ் ஃப்ராக்ச்சர். திரும்ப விளையாட வந்தேன், ஆனா பழைய வேகம் வரவே இல்ல.

இது ஏன் நடக்குதுன்னு சொல்றேன். பந்தை விடுற நொடியில முன்கால் தரையில ஓங்கி இறங்கும். உடம்பு எடையைப் போல பல மடங்கு விசை அந்தக் கால் வழியா மேல ஏறும். அதே நேரத்துல முதுகு பின்னாடி வளையும், பக்கவாட்டுல சாயும், திரும்பவும் செய்யும். அந்தச் சுமை மொத்தமும் கீழ் முதுகுல இருக்கிற சின்ன எலும்புப் பகுதியில விழுது. ஓய்வு கொடுத்தா எலும்பு தன்னைத் தானே சரி பண்ணிக்கும். கொடுக்கலைன்னா மயிரிழை மாதிரி விரிசல் விடும். வளர்ற பசங்களுக்கு அந்த எலும்பு இன்னும் கெட்டிப்படல. அது முழுசா கெட்டிப்பட இருபது வயசைத் தாண்டணும்.

"நம்ம பையன் ஸ்ட்ராங்கு"ன்னு சொல்லாதீங்க. 1987ல சென்னையில எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சப்போ பயிற்சி கொடுக்க வந்தாரே டென்னிஸ் லில்லி, அவருக்கே 1973ல முதுகுல இதே விரிசல். பும்ராவுக்கு 2019ல வந்தது. 2023ல ஆபரேஷன் வரைக்கும் போனார்.

இப்போ என் அக்கா பையன் கதை. வயசு 13. அவனும் ஃபாஸ்ட் பவுலர். போன மாசம் அவனோட ஒரு வாரத்தை உட்கார்ந்து எழுதினேன். ஸ்கூல் நெட்ஸ் 3 நாள், நாளுக்கு 40 பந்து. அகாடமி 3 நாள், நாளுக்கு 50 பந்து. ஞாயிறு மேட்ச்ல 8 ஓவர். கூட்டினா 318 பந்து, அதாவது 53 ஓவர்! இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல வருஷமா வச்சிருந்த விதி என்ன தெரியுமா? 13 வயசு வரைக்கும் வேகப்பந்து வீசுற பசங்க நெட்ஸ்ல ஒரு தடவைக்கு 30 பந்து, அதுவும் வாரத்துக்கு 2 தடவை தான். மேட்ச்ல ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர்.

இதுல யாரும் வில்லன் இல்ல. ஸ்கூல் பி.டி. சாரைக் கேட்டா "40 பந்து தானே போடுறான்"ம்பார். அகாடமி கோச் "50 தானே"ம்பார். ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. ஆனா ரெண்டையும் கூட்டிப் பார்க்கிற இடத்துல வீட்டு ஆள் மட்டும் தான் இருக்காங்க. அதனால அப்பா அம்மா இன்னொரு கோச்சா மாற வேண்டாம், பவுண்டரி லைன்ல நின்னு "லெங்த்ல போடு"ன்னு கத்த வேண்டாம். கணக்கை மட்டும் வச்சுக்குங்க. அது வேற யாராலும் முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவு தான்.

ஒண்ணு, ஒரு குயர் நோட்டு. தினமும் எத்தனை பந்து, எங்க வலி. நீச்சல்னா எத்தனை லேப், பேட்மின்டன்னா எத்தனை மணி நேரம். வாரத்துல ஒரு நாளாவது விளையாட்டே இல்லாம முழு ஓய்வு.

ரெண்டு, கோச்சைப் பார்க்கப் போகும்போது நோட்டை எடுத்துட்டுப் போங்க. மேட்ச் நடக்கும்போதோ, பசங்க முன்னாடியோ வேண்டாம். "சார், அங்க இவ்வளவு போடுறான், இங்க எதைக் குறைக்கலாம்?"னு கேளுங்க. அக்கா அப்படிக் கேட்டதும் அகாடமி கோச் வாரத்துல ரெண்டு நாளை பேட்டிங், ஃபீல்டிங்னு மாத்திட்டார். ஸ்கூல்ல இன்னும் இழுபறி தான், மேட்ச் வருதுங்கிறாங்க.

மூணு, பந்து வீசும்போதும் முதுகைப் பின்னாடி வளைக்கும்போதும் வலி வந்து, ஓய்வுல குறைஞ்சா பவுலிங்கை அன்னைக்கே நிறுத்துங்க. ஸ்ப்ரே அடிச்சு அனுப்பாதீங்க. எலும்பு டாக்டரையோ ஸ்போர்ட்ஸ் டாக்டரையோ பாருங்க. எக்ஸ்ரே நார்மல்னு வந்தா "எம்.ஆர்.ஐ. தேவையா டாக்டர்?"னு வாயைத் திறந்து கேளுங்க.

அக்கா பயந்தது ஒரே விஷயத்துக்கு. "இப்போ விட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டா போயிடுமேடா." நான் சொன்னேன், "அக்கா, காலேஜ் சேரும்போது அவன் கிரவுண்ட்ல நிக்கணும். அதுக்கு 13 வயசுல முதுகு மிஞ்சணும்ல?"

போன வாரம் அவனைக் கூட்டிட்டு வரப் போனேன். பைக்ல ஏறினான். விக்கெட்டைப் பத்திக் கேட்கல. "எத்தனை பந்துடா, உடம்பு எப்படி இருக்கு?"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "லேசா வலிக்குது மாமா, ரெண்டு வாரமா."

டாக்டர்கிட்ட காட்டியாச்சு. இப்போதைக்கு பவுலிங் இல்ல, ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கார். சீக்கிரமே வந்திருக்கோம்னு சொன்னார். எங்க அப்பா கேட்காம விட்ட கேள்வி தான் அது. இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுப் பிள்ளைகிட்ட கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.