150 நிமிடமும் நடக்க ஓர் இடமும்

வாரத்துக்கு 150 நிமிடம். வயதுவந்த எவருக்கும் உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் சொன்ன குறைந்தபட்ச உடற்பயிற்சி இவ்வளவுதான். 300 வரை போனால் இன்னும் நல்லது. ஓட்டம் போல மூச்சிரைக்க வைக்கும் பயிற்சியென்றால் 75 நிமிடமே போதும்.

"நான்தான் தினமும் வாக்கிங் போறேனே" என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நண்பரோடு அரசியல் பேசிக்கொண்டு, டீக்கடையில் நின்று, ஆடி அசைந்து போய்வருவது இந்தக் கணக்கில் சேராது. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட வராத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். வேகத்தை அளக்க இந்தச் சோதனை போதும், வாட்ச் வேண்டியதில்லை. 10,000 அடி நடந்தே ஆக வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு வைத்த பெயர்தான் அந்த எண்ணைப் பரப்பியது.

ஒரே மூச்சில் அரைமணி நேரம் கிடைக்கவில்லையா? குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு விறுவிறுவென நடக்கும் ஐந்து நிமிடமும் கணக்கில் வரும்.

இந்த அளவைக்கூட எட்டாதவர்கள், 2022 கணக்குப்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர். ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். நாள் முழுக்க ஓயாமல் வேலை பார்ப்பவர்களிடம் போய் 'நீங்கள் உழைக்கவில்லை' என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். குடம் தூக்குவதும் கையால் துணி துவைப்பதும் மூச்சு வாங்க வைத்தால் பயிற்சிதான். அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது உடலைக் களைப்பாக்குமே தவிர, இதயத்துக்கு வேலை தருவதில்லை. அரைமணி நேரம் அந்த வேலையை வேறொருவர் வாங்கிக்கொண்டால்தான் அடுப்படியில் நிற்பவர் நடக்க வெளியே போக முடியும். இதை மருத்துவர் சீட்டில் எழுத மாட்டார். வீட்டில் இருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம்மவர்கள் அறவே மறப்பது தசைக்கான பயிற்சி. வாரம் இரண்டு நாளாவது வேண்டும். தண்டால், கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது, எதுவாகவும் இருக்கலாம். 65 வயதைத் தாண்டியவர்கள் தடுமாறி விழாமலிருக்க, வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பதிலிருந்து தொடங்கலாம்.

பல வருடம் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே ஓடுவதில் ஆபத்து உண்டு. இதய நோய் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. இன்சுலின் போடுபவர்களுக்கு நடுவழியில் சர்க்கரை இறங்கலாம். சட்டைப்பையில் இனிப்பு இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்தி, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால் 'வாயுப் பிடிப்பு' என்று கசாயம் தேடக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

சரி, எங்கே நடப்பது? நடைபாதையில் பைக் நிற்கிறது, கடைப் பலகை நிற்கிறது, மின்பெட்டி நிற்கிறது. மனிதர் சாலையில் இறங்கி நடக்கிறார். நடைபாதையைத் தடையின்றிப் பயன்படுத்துவது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவிட வேண்டும் என்பது 2014-இலேயே சென்னை மாநகராட்சி வகுத்த கொள்கை. கொள்கைக்கும் தெருவுக்கும் உள்ள தூரம் சென்னைவாசிகளுக்குத் தெரியும். ஆகவே புகார் செய்யத் தயங்க வேண்டாம். சென்னையில் எண் 1913. தெருப் பெயர், எதிரே உள்ள கட்டடம், படம் இவற்றோடு புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துவையுங்கள்.

ஜிம்மில் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொன்ன பயிற்சியாளர் இல்லை, திடீரென மூடிவிட்டார்கள் என்றால் அது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.