ஃபியூஸும் பில்லும் இல்லாத பாட்டு

கோயம்புத்தூரில் ஒரு பழைய மாருதி 800-ஐ வாங்கியவருக்குக் கை சும்மா இருக்காது. எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதும் எதையாவது மாட்டிப் பார்ப்பதும் இந்த ஊரின் சுபாவம். 1980களின் கடைசியில் எஸ். கரிவரதன் இதே 800-இன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காராக்கி, ஃபார்முலா மாருதி என்று ஒரு பந்தய வகையையே உருவாக்கினார். அதற்கும் முன்பே ஜி.டி. நாயுடு இங்கே ரேடியோப் பெட்டி செய்ய முனைந்தவர். அப்படிப்பட்ட ஊரில், நாற்பது ஐம்பதாயிரத்துக்கு வாங்கிய காரில் இருபதாயிரத்துக்கு செட் போடுவதை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

காரில் பாட்டு கேட்பது குற்றமில்லை. டெக்கை மாற்றுவதும் குற்றமில்லை. வம்பு வருவதெல்லாம் இரண்டு சின்ன சாமான்கள் விட்டுப்போவதால். ஒன்று, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஃபியூஸ். இன்னொன்று, கடைக்காரர் தர வேண்டிய பில். முதலாவது இல்லாவிட்டால் கார் போகலாம். இரண்டாவது இல்லாவிட்டால், போன காருக்கு எவரிடமும் கேட்க முடியாது.

முதலில் வாட்ஸ் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. டெக்கின் அட்டைப்பெட்டியில் ‘50 வாட்ஸ் x 4’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். டெக்கைத் திருப்பிப் பின்பக்கம் சொருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆம்பியர் என்று இருக்கும். கார் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். 14-ஐ 10-ஆல் பெருக்கினால் 140. உள்ளே போவதே தொடர்ந்து 140 வாட்ஸைத் தாண்டாத பெட்டி, வெளியே 200 வாட்ஸ் எப்படித் தரும்? அதிலும் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் நிஜமாக வந்தால் பெரிய விஷயம். ‘பி.எம்.பி.ஓ. 3000’ என்று மின்னும் ஸ்டிக்கர் ஒரு கணக்கிலும் சேராத எண். ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து வரும் நிஜ வாட்ஸ், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். கேட்டதும் கடைக்காரரின் பேச்சில் சுருதி கொஞ்சம் இறங்கும்.

அடுத்த கணக்கு ஆம்ப்ளிஃபையருக்கு. பேஸ் வேண்டும் என்று பின்னால் 500 வாட்ஸ் ஆம்ப் வைப்பவர்கள் உண்டு. அது நிஜமான 500 என்றால், ஆம்பின் வகையைப் பொறுத்து, முழுச் சத்தத்தில் நாற்பது முதல் அறுபது ஆம்பியர் வரை இழுக்கும். மாருதி 800-க்குப் போடும் பேட்டரியோ 35 ஆம்பியர்-ஹவர். அந்தக் காரின் ஆல்டர்னேட்டர் ஹெட்லைட், வைப்பர், ஹார்ன் ஆகியவற்றை மனதில் வைத்துச் செய்தது. ராத்திரி மழையில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓட, பேஸும் அடித்தால், ஒவ்வொரு அடிக்கும் விளக்கு மங்கி எரிவதைப் பார்க்கலாம். அது அழகுக்கு மினுக்குவதல்ல, வண்டி மூச்சுவாங்குவது. நிறுத்தி வைத்துப் பாட்டுக் கேட்டால் இன்னும் மோசம். சராசரியாகப் பத்து ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் பாதி பேட்டரி காலி. காலையில் தள்ளத்தான் வேண்டும்.

பேட்டரி இறங்குவது தொல்லை. வயர் உருகுவதுதான் ஆபத்து. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுபோனது. இன்று ஓடும் வண்டிகளில் வயரின் மேலுறை பத்து, இருபது வருட வெயிலில் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கிறது. அந்த வயரிங்கை வெட்டி, முறுக்கி, மேலே டேப் சுற்றி இணைப்பதுதான் அவசர வேலையின் லட்சணம். காரின் பழைய கப்ளரில் நேராகச் சொருகும் கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் போட்டால் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

ஆம்புக்குப் போகும் தடித்த வயர் பேட்டரியிலிருந்து நேராக வரும். வழியில் எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரைத் தாண்ட வேண்டும். அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், வண்டியின் அதிர்வில் தகட்டின் விளிம்பு வயரை அறுக்கும். தகடு என்பது பாடி எர்த். வயர் அதைத் தொட்ட நொடியில் பேட்டரியின் முழு பலமும் அந்த ஒரு இடத்தில் இறங்கி, வயர் பழுக்கக் காயும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தால் அது உருகி அறுந்து விஷயம் அத்தோடு முடியும். ஆம்பின் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் இருந்தால், நடுவில் நடக்கும் இந்தக் கூத்தை அது தடுக்காது. ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்குதுங்க என்று மெக்கானிக் சொன்னால், தலையாட்டிவிட்டு வராதீர்கள். ஆம்பின் ஃபியூஸ் ஆம்பைக் காக்கும். பேட்டரி முனையில் இருப்பதுதான் வயரைக் காக்கும், அதாவது உங்களை.

தடித்த வயர் என்று விற்பதிலும் ஒரு தந்திரம் உண்டு. மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். செம்பை விட மின்சாரம் குறைவாகவே கடத்தும், அதே பருமனில் அதிகம் சூடாகும். முனையைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரிந்துவிடும். சுரண்டிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

பூட்டில் ஸ்பீக்கர் பெட்டியைத் திருகாணி போட்டு இறுக்குவதற்கு முன், கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கத் தரைக்குக் கீழேதான் பெட்ரோல் டேங்கும் குழாய்களும். எல்.பி.ஜி. போட்ட ஆம்னியிலும் 800-லும் சிலிண்டர் பின்னால் இருக்கும். அந்த வண்டிகளில் பின்பக்கம் ஆம்ப் வைப்பதே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தளர்ந்த ஒரு இணைப்பின் தீப்பொறி போதும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2023 பிப்ரவரி 2 அன்று கண்ணூரில், அரசு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த கார் தீப்பிடித்து, பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணும் கணவரும் முன்சீட்டிலேயே இறந்துபோனார்கள். மின்கசிவு என்பதே போக்குவரத்துத் துறையின் முதல் கணிப்பு. அதன் பிறகு, கடையில் கூடுதலாக மாட்டும் மின்சாதனங்களைப் பற்றிய கேள்வி கேரளம் முழுக்க எழுந்தது. அதற்கு முன்பிருந்தே கேரள உயர்நீதிமன்றம் சுற்றுலா பஸ்களில் வைக்கும் பெரிய ஒலியமைப்புகளைக் கண்டித்து வந்தது. ஆயிரக்கணக்கான வாட்ஸ் பி.எம்.பி.ஓ., இன்வெர்ட்டர் வைத்து ஏ.சி.யையும் டி.சி.யையும் கலப்பது, அதனால் தீ ஆபத்து, ஓட்டுநரின் கேட்கும் திறனும் கவனமும் கெடுவது எனக் காரணங்களை வரிசையாக எடுத்துச் சொன்னது. 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரியில் ஊட்டிக்கு வந்த பள்ளிச் சுற்றுலா பஸ், கோவைக்கு வந்துகொண்டிருந்த கேரள அரசு பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் வேகம்தான், பாட்டு அல்ல. ஆனால் அதன் பிறகு விளக்கு, ஹார்ன், ஒலியமைப்பு எல்லாவற்றின் மீதும் சோதனை இறுகியது. வாளையாறைத் தாண்டி குருவாயூருக்கோ சபரிமலைக்கோ போகிற கொங்குக்காரர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

இப்போது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆர்.சி.யில் டெக்கைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஆகவே டெக்கும் கதவு ஸ்பீக்கரும் மாற்றினால் 52-வது பிரிவு உங்களைத் தேடி வராது. ஆனால் பெரிய பேஸ் பெட்டி வைக்கப் பின்சீட்டைக் கழற்றி எறிந்தால், ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கை பொய்யாகிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி ஆர்.சி. புதுப்பிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிற்கும்போது தொங்கும் வயர்கள் உங்களுக்காகப் பேசாது. இருபது வருடம் தாண்டிய காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக ஏறிவிட்டது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சத்தம் காருக்கு வெளியே போனால் கதை வேறு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் எல்லை. அமைதி மண்டலம் என்று அறிவித்த இடங்களில், அதாவது மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிய 100 மீட்டரில், இன்னும் ஐந்து குறைவு. அவினாசி ரோட்டில் எத்தனை கல்லூரிகள், எத்தனை ஆஸ்பத்திரிகள் என்று எண்ணிப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து பேஸ் அதிர ஊர்வலம் போகத் தோதான சாலையே அது இல்லை. வாகனத்தின் ஒலித் தரத்தை மீறுவதற்கு 190(2) பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும் வைத்திருக்கிறது. காதுக்கும் ஒரு சட்டம் உண்டு: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் வாரத்துக்கு 40 மணி நேரம் தாங்கும், 90 டெசிபல் நான்கே மணி நேரம்.

ஆண்ட்ராய்டு செட் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹேண்ட்பிரேக் போட்டால் மட்டுமே படம் ஓடும்படி அதில் ஒரு பார்க்கிங் வயர் உண்டு. பல கடைகளில் கேட்காமலே அதை எர்த்தில் சேர்த்து, ஓட்டும்போதும் படம் ஓடும்படி செய்துவிடுகிறார்கள். அதைச் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்சூரன்ஸில் பெரும்பாலோர் ஏமாறுவது தெரியாமல்தான். பழைய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டிருந்தால், தீயோ திருட்டோ நடந்தால் உங்கள் காருக்கு ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், கம்பெனி பொருத்தாத மின்சாதனத்தைத் தனியாகத் தெரிவித்துச் சேர்க்க வேண்டும். அதன் மதிப்பில் நான்கு சதவீதம் என்பது வழக்கமான பிரீமியம். 20,000 ரூபாய் செட்டுக்கு 800 ரூபாய். சேர்க்காவிட்டால் செட்டுக்குப் பணம் கிடையாது. அது மட்டுமா, ‘தீ உங்கள் வயரிங்கால் வந்தது’ என்று மொத்த கிளெய்மையும் மறுக்க நிறுவனத்துக்கு ஒரு வாசல் திறந்துவிடுகிறீர்கள். மறுப்பு நியாயமில்லை என்று பட்டால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

இனி பில். கடையில் நடக்கும் பேச்சு நமக்கெல்லாம் பாடம்தான்.

“ஏனுங்ணா, பில்லு வேணுங்களா? பில்லுப் போட்டா ஜிஎஸ்டி சேர்ந்துக்கும். நம்ம கடைதானுங்க, எப்ப வேணாலும் வாங்க, பாத்துக்கலாம்.”

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் பில் தராமல் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்தாலும் அது உங்கள் உரிமையை அழிக்காது. பில்லில் டெக்கின் மாடல், வரிசை எண், வயரின் அளவு, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், பொருத்துகூலி எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் பேட்டரிப் பக்கத்தையும் இணைப்புகளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். உக்கடத்தில் பழைய டெக் மலிவாகக் கிடைத்தால் பில் இன்னும் முக்கியம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சம்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம்.

தகராறு வந்தால் முதலில் கடைக்குப் போய்ப் பேசுங்கள். நம்மூரில் பாதி அங்கேயே தீரும். தீராவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ்: என்ன வாங்கினோம், என்ன கெட்டது, என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குத் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொள்ளாச்சிக்காரர் சென்னையிலிருந்து ஆன்லைனில் வாங்கிய ஆம்புக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணமே இல்லை. உங்கள் காரின் விலையையும் செட்டின் விலையையும் கூட்டினாலும் அந்த எல்லையை எட்டாது.