வெப் புரோகிராமிங் கற்க மென்பொருளுக்கு எவ்வளவு செலவாகும்?

மகனோ மகளோ வெப் புரோகிராமிங் கற்க வேண்டும் என்றதும், அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் பெற்றோருக்கு வரும் முதல் கவலை, "சாஃப்ட்வேர் வாங்க எவ்வளவு ஆகும்?" ஒரு ரூபாய்கூட ஆகாது.

இணையத்தளத் தொழில்நுட்பத்துக்கு உரிமக் கட்டணம் கிடையாது என்று அதை உருவாக்கிய செர்ன் ஆய்வகம் 1993 ஏப்ரல் 30 அன்றே அறிவித்துவிட்டது. வலைப்பக்கத்துக்கான எச்டிஎம்எல் மொழியை எழுத விண்டோஸில் இருக்கும் நோட்பேடும் ஒரு பிரவுசரும் போதும். தமிழில் பக்கம் எழுதுபவர்கள் தொடக்கத்திலேயே 'யுடிஎஃப்-8' என்று குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் 'புதுக்கோட்டை' என்று தட்டியது சில நேரம் புரியாத குறிகளாக உடைந்து தெரியும். பிழை எங்கே என்று பார்க்க எஃப்12 விசையை அழுத்தினால் போதும், பிரவுசரே காட்டும். அடுத்த கட்டத்துக்கான விஎஸ் கோட், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் எல்லாமே இலவசம்.

நம் அரசுப் பள்ளிப் பாடநூலிலேயே இவை இருக்கின்றன என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. மேல்நிலை வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில், பிளஸ் ஒன்னில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். பிளஸ் டூவில் பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். புத்தகம் பிடிஎஃப் வடிவிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதே பிளஸ் டூ நூலில் அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் இருப்பதுதான் உறுத்துகிறது. அது கட்டண மென்பொருள். 2001-க்குப் பிறகு அடோபி அதற்குப் புதிய பதிப்பே கொண்டுவரவில்லை. அந்த இடத்தில் இலவசமான ஸ்கிரைபஸை வைத்திருக்கலாம்.

ஆங்கிலம் தடையாக இருந்தால், து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் HTML' என்ற நூலைக் கணியம் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ்க் குரலிலேயே பாடங்கள் உண்டு.

பென் டிரைவில் சுற்றும் 'கிராக்' மென்பொருள் மட்டும் வேண்டாம். அதோடு வைரஸும் வரலாம். இலவசமாகக் கிடைப்பதைத் திருடி வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. பயிற்சி நிலையம் 'சாஃப்ட்வேர் கட்டணம்' என்று தனியாகக் கேட்டால், எந்த மென்பொருளுக்கு என்று பெயரைக் கேளுங்கள். டொமைன், ஹோஸ்டிங் செலவும் கற்கும் காலத்தில் தேவையில்லை. செய்த பக்கத்தை கிட்ஹப் பேஜஸில் சும்மாவே ஏற்றலாம்.

செலவு உண்மையில் கம்ப்யூட்டருக்குத்தான். 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தது வீட்டில் தூங்கினால், தூக்கிப்போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றுங்கள். 2 ஜிபி ரேமிலேயே ஓடும். 4 ஜிபி இருந்தால் இன்னும் நல்லது.