பம்பர் இடைவெளிப் பட்டை

பம்பர் இடைவெளிப் பட்டை என்பது காரின் உடல் தகட்டுக்கும் பம்பருக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூடும், வளையக்கூடிய பிளாஸ்டிக் பகுதி ஆகும். 1970களிலும் 80களிலும் அமெரிக்காவில் தயாரான காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் போன்ற பெரிய கார்களில் இதைக் காணலாம். காரின் நிறமே இதற்கும் பூசப்படுவதால், புதிதாக இருக்கும்போது இப்படியொரு துண்டு இருப்பதே கண்ணில் படாது. வெடித்து உதிரும்போதுதான் தெரியும்.

தோன்றிய காரணம்

1973 மாடல் கார்கள் மணிக்கு 5 மைல் (சுமார் 8 கி.மீ.) வேகத்தில் முன்புறமாகத் தடுப்பில் மோதினாலும் விளக்குகள், எரிபொருள் அமைப்பு போன்ற பாதுகாப்பு உறுப்புகள் கெடக்கூடாது என்று அமெரிக்க அரசு விதி வகுத்தது. அடுத்த ஆண்டு பின்பக்கத்துக்கும் அதே வேகம் விதிக்கப்பட்டது. இதற்காகப் பல கார்களில் பம்பரை அதிர்வு தாங்கும் உருளைகளின் மேல் பொருத்தினர். மோதும்போது பம்பர் உள்ளே சென்று, பிறகு வெளியே வரும். உள்ளே செல்ல இடம் வேண்டுமல்லவா? அந்த இடத்தை மறைக்க வந்ததே இந்தப் பட்டை. 1982-இல் அந்த வேகம் 2.5 மைலாகக் குறைக்கப்பட்டது.

அம்பாசடர், பத்மினி கார்களில் குரோம் பூசிய இரும்புப் பம்பர் அசையாமல் பொருத்தப்பட்டதால் இப்பட்டைக்கு வேலையில்லை. சென்னையில் இறக்குமதியான பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்களுக்கே இது தலைவலி.

சிதைவு

பட்டையை வளையச் செய்யும் பாலியூரித்தேன் வகைப் பொருள்களை வெயிலின் புற ஊதாக் கதிர் தாக்குகிறது. சில வகைகளை வெப்பத்தோடு சேர்ந்த ஈரமும் சிதைக்கிறது. சென்னையில் இரண்டுக்கும் குறைவில்லை. ஓட்டாத காரும் தப்புவதில்லை. ஒட்டிப் பார்த்தாலும் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் மீண்டும் வெடிக்கும். ஆகவே மாற்றுவதே வழி.

மாற்றுதல்

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கிலோ ஃபைபரிலோ செய்த பட்டைகள் வெளிநாட்டில் கிடைக்கின்றன. ஆனால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேரும். உள்ளூரில் செய்வதும் இயலும். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும், லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா போன்ற ஆலைகள் உள்ள பாடியும் வாகன உறுப்புத் தொழிலில் ஊறிய பகுதிகள். இவ்வட்டாரத்தில் ஃபைபர் வேலை தெரிந்த சிறு பட்டறைகளும் உண்டு. அச்செடுக்க மாதிரி வேண்டும் என்பதால், உடைந்த பழைய துண்டுகளைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருக்க வேண்டும். துண்டுகளைச் சேர்த்து, பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து உருவம் கொண்டுவந்து, மெழுகு பூசி அச்செடுப்பார்கள்.

பட்டறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரெசினை இறுக வைக்கும் பெராக்சைடு திரவத்தையும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்கு கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடி இழைத் தூசுக்கு முகமூடி தேவை, கைக்குட்டை போதாது.

பழைய பட்டையைக் கழற்றியதும் உள்ளேயுள்ள உருளைகளைப் பார்ப்பது நல்லது. சில வகைகளில் அழுத்தப்பட்ட வாயு இருப்பதால் அவற்றின் அருகே வெல்டிங் செய்வதோ, சூடேற்றுவதோ, துளையிடுவதோ ஆபத்து. துருவேறிய திருகுகளை எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றலாம்.

புதிய பட்டையை வண்ணம் பூசும் முன்பே ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். துளைகள் நேராக அமைவது அரிது. ஃபைபர் பழைய பொருள்போல வளையாது. பம்பரோடு உரசும்படி இறுக்கமாக வைத்தால் வாகன நிறுத்தத்தில் ஏற்படும் சிறு இடியிலேயே உடையும். அதனால் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். அந்தக் கீற்று சற்றுத் தெரியத்தான் செய்யும். வளையும் பொருளில் செய்த பட்டையானால், வண்ணத்தில் அதற்குரிய நெகிழ்வுக் கலவையைச் சேர்க்காவிட்டால் சில மாதங்களில் மேற்பூச்சு கீறிவிடும்.