பாலம் தாண்டுமுன் பள்ளியை நினையுங்கள்



தோட்டத்தில் வேலை செய்யும் தகப்பனாருக்கோ, பட்டணத்தில் தொழிற்சாலைக்குப் போகும் மூத்த மகனுக்கோ சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டால், வீட்டில் உடனே எழும் பேச்சு என்ன? "குடும்பத்தோடு போய்விடலாமா?" என்பதுதான். அங்குள்ள ஒரு வெள்ளி இங்கே மூன்று ரிங்கிட் அளவுக்கு மாறுகிறது. ஆசை எழுவதில் தவறில்லை. ஆனால் சம்பளக் கணக்கைப் போடுகிற நாம், பிள்ளைகளின் படிப்புக் கணக்கைப் போட மறந்துவிடக் கூடாது. இந்த மாதம் குறைந்த பணத்தை அடுத்த மாதம் தேடிக்கொள்ளலாம். பிள்ளை இழந்த ஒரு வருடத்தைத் தேடிக்கொள்ள முடியுமா?

முதல் கேள்வி: கையில் இருப்பது எந்த அனுமதி?

சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர் எல்லாரும் ஒரே வகை அனுமதியில் இல்லை. ஒர்க் பெர்மிட்டில் போகிறவர், அதைக் காட்டி மனைவி மக்களைத் தம்முடன் தங்கவைத்துக்கொள்ள முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் நிபந்தனை உண்டு. மாதத்துக்கு நிலையான சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருந்தால்தான், குடும்பத்துக்குரிய டிபெண்டண்ட் பாஸுக்கு மனுச் செய்யலாம்.

"முதலில் போங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜெண்டு சொன்னால் நம்பி மூட்டை கட்டாதீர்கள். வேலைக் கடிதத்தில் எந்த அனுமதி, எவ்வளவு நிலையான சம்பளம் என்று எழுதியிருப்பதைப் படித்தறிந்த ஒருவரிடம் காட்டி விளங்கிக்கொள்ளுங்கள். ஓவர்டைம் பணத்தை நிலையான சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் போடக் கூடாது.

இரண்டாவது: பள்ளியில் இடம்

நமது நாட்டில் தமிழ்ப்பள்ளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாகிப் போவதுபோல் அங்கே நடப்பதில்லை. தொடக்கநிலை முதலாம் வகுப்பில், சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இடம் கொடுத்த பிறகே, கடைசிக் கட்டத்தில் அயல்நாட்டுப் பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறார்கள்.

தொடக்கநிலை 2 முதல் 5 வரையிலும், உயர்நிலை 1 முதல் 3 வரையிலும் சேர விரும்பும் அயல்நாட்டுப் பிள்ளைகள், சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் சேர்க்கைத் தேர்வை எழுத வேண்டும். தேர்வு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நடக்கும். தொடக்கநிலை 6, உயர்நிலை 4 ஆகிய வகுப்புகளுக்கு இந்தத் தேர்வின் மூலம் சேர்க்கை இல்லை. ஆகவே பதினொரு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், எந்த ஆண்டில் போவது என்பதை நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள்.

நம் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரனாக இருக்கலாம். ஆனால் கணக்கு ஆங்கிலத்தில் கேட்கப்படும்போது, கணக்குத் தெரிந்தும் கேள்வி புரியாமல் விழிப்பான். அது பிள்ளையின் குற்றமல்ல. போவது என்று தீர்மானித்தால், ஒரு வருடம் முன்னதாகவே ஆங்கில வாசிப்பைத் தொடங்கிவிடுங்கள். தினம் அரைமணி நேரம் போதும். விடாமல் நடக்க வேண்டும்.

கட்டணமும் உண்டு. ஆசியான் நாட்டுப் பிள்ளைகளுக்கு மற்ற அயல்நாட்டாரைவிடக் குறைவுதான். என்றாலும் தொடக்கப்பள்ளியிலேயே ஒரு பிள்ளைக்கு மாதம் 500 வெள்ளிக்கு மேல் ஆகும். உயர்நிலையில் இன்னும் அதிகம். இரண்டு பிள்ளைகள் என்றால், வாடகைக்கு முன்பே 1,000 வெள்ளி எடுத்துவைக்க வேண்டும்.

மூன்றாவது: வீடு எங்கே?

வீட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளியைத் தேடுவதே பலரின் வழக்கம். இங்கே அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. தேர்வில் தேறிய பிள்ளைக்குப் பள்ளியைக் கல்வி அமைச்சே ஒதுக்குகிறது. எங்கே காலி இடம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது அது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதில்லை. ஆகவே முதலில் குறுகிய காலத்துக்கு ஒப்பந்தம் செய்யுங்கள். பள்ளி உறுதியானதும் அதற்கு அருகில் மாறிக்கொள்ளலாம்.

தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வெட்டுக்குப் போனோம். சிங்கப்பூர் அடுக்குமாடியில் அந்த வசதி தானாக அமையாது. 1989-ஆம் ஆண்டு முதல் அங்குள்ள அடுக்குமாடிகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழும்படி இன விகிதம் வைத்திருக்கிறார்கள். தமிழர் மட்டும் கூடி வாழும் குடியிருப்பைத் தேடிப் பயனில்லை. தாயும் தந்தையும் வேலைக்குப் போனால், பள்ளி விட்ட பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் பராமரிப்பு நிலையம் அருகில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன் ஆகியவை பாலத்தை நோக்கிய வடக்குப் பகுதிகள். ஊருக்கு அடிக்கடி வந்துபோக அவை தோது.

நான்காவது: தமிழும் மலாயும்

தமிழ் சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாக அதைப் படிக்கலாம். பிள்ளை சேரும் பள்ளியில் தமிழ் ஆசிரியர் இல்லாவிட்டால், உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களில் படிக்க வழியுண்டு. சேரும்போதே கேட்டுவையுங்கள்.

கவலை மலாயைப் பற்றியதுதான். நாளை வேலை போய், குடும்பம் ஊர் திரும்பினால் என்ன ஆகும்? எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேற வேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். நான்கைந்து ஆண்டுகள் மலாயே தொடாத பிள்ளை, நான்காம் படிவத்தில் வந்து உட்கார்ந்தால் தத்தளிக்கும். திரும்பி வரும் எண்ணம் இருந்தால், அங்கே இருக்கும்போதும் வீட்டில் மலாய்ப் புத்தகம் இருக்கட்டும்.

அப்பா அக்கரையில், பிள்ளைகள் இக்கரையில்

இதுவும் ஒரு வழி. குடும்பம் ஜொகூர் பாருவுக்கோ, மாசாய், ஸ்கூடாய், கூலாய் வட்டாரத்துக்கோ குடியேறும். பிள்ளைகள் அங்குள்ள தமிழ்ப்பள்ளியில் தொடர்ந்து படிப்பார்கள். தகப்பனார் மட்டும் பாலம் தாண்டி வேலைக்குப் போய்வருவார். ஒர்க் பெர்மிட்காரர்களில் பலருக்கு ஏற்றது இதுவே. படிப்பு முறை மாறாது. கட்டணச் சுமையும் இல்லை. ஆனால் அப்பா விடிவதற்குள் புறப்பட்டு இருட்டிய பின் திரும்புவார். வீட்டுப் பாடம் பார்க்கும் பொறுப்பு தாயாரின் மேல் விழும். அதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

இக்கரையில் வசித்துக்கொண்டு அக்கரைப் பள்ளிக்குத் தினமும் போய்வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுவது எப்படி என்று பிரட்டுக்களம் பார்த்த நமக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாடு தேவையா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

பிறப்புப் பத்திரம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கடப்பிதழ், பள்ளி மதிப்பெண் அறிக்கைகள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைத் தொலைத்துவிடாதீர்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நீண்ட காலம் தங்க, தொண்டை அடைப்பான், தட்டம்மை ஊசிகள் போட்டதற்குச் சான்று கேட்பார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லாமல் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். அங்கே இடம் உறுதியாகும்வரை இங்குள்ள இடத்தை விடவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். நண்பர்களையும் ஆசிரியரையும் விட்டுப் பிரிகிறவர்கள் அவர்கள்தாமே! எதற்காகப் போகிறோம், எத்தனை காலம் இருப்போம் என்று தெரிந்த பிள்ளை புதிய இடத்தில் சீக்கிரம் வேரூன்றும். நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது இதையெல்லாம் விசாரித்து அறிய வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. விசாரித்துவிட்டே புறப்படுங்கள்.