ஆள் அனுப்பிக் கமிஷன்: எந்தச் சரக்கில் காசு நிற்கும்?

காஞ்சிபுரத்துக்குக் கமிஷன் புதிதல்ல. காமாட்சியம்மன் கோயில் வாசலிலும் வரதராஜப் பெருமாள் சன்னதித் தெருவிலும் இறங்குகிற யாத்ரீகரைப் பட்டுக் கடைக்கு அழைத்து வந்து, பில் தொகையில் பங்கு வாங்கிப் போகும் ஆட்டோக்காரரும் வழிகாட்டியும் நம் ஊரில் வெகுகாலமாக உண்டு. அதே வேலை இப்போது கைப்பேசியில் நடக்கிறது. ஒரு சரக்கைப் பற்றி எழுதியோ வீடியோ எடுத்தோ காட்டி, கீழே கடையின் லிங்க்கைக் கொடுத்துவிட வேண்டியது. அதைத் தொட்டுப் போனவர் சரக்கு வாங்கினால் அனுப்பியவருக்குக் கமிஷன். இதற்கு அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பெயர். அமேசான் நிறுவனம் அமெரிக்காவில் 1996 ஜூலையில் இதைத் தொடங்கியபோது அது வெறும் புத்தகக் கடை.

நம் உறுப்பினர்களின் வீட்டுப் பிள்ளைகள் பலர் இதில் இறங்க ஆசைப்படுகிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது, "எந்தச் சரக்கை எடுத்தால் லாபம்?" என்பதுதான். சதவீதம் அதிகமுள்ளதை எடு என்று பலரும் சட்டெனச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிக் கணக்கு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 300 ரூபாய்ச் சரக்கில் 8 சதவீதம் என்றால் கைக்கு வருவது 24 ரூபாய். 20,000 ரூபாய்ப் பட்டுப்புடவையில் 4 சதவீதம் என்றால் 800 ரூபாய். அப்படியானால் புடவைதானே மேல் என்று தோன்றும். ஆனால் கூறைப்புடவை எப்படி வாங்கப்படுகிறது என்பது நமக்குத் தெரியாததா? படத்தைப் பார்த்தவர் மாமியாரிடம் காட்டுவார், நாத்தனாரைக் கேட்பார், பிறகு ஒரு நல்ல நாளில் வேன் வைத்துக்கொண்டு குடும்பமே வந்து, இருபது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லி, தொட்டுப் பார்த்து எடுத்துப் போகும். லிங்க் கொடுத்தவருக்கு ஒரு பைசா கிடையாது. அமேசான் முறையில், லிங்க்கைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் சரக்கைக் கூடையில் போட்டால்தான் கமிஷன் கணக்கில் ஏறும். கல்யாணப் புடவை ஒரே நாளில் முடிவாகும் சரக்கல்ல. திரும்பி வந்த சரக்குக்கும் கமிஷன் இல்லை. திரையில் மாம்பழ மஞ்சளாகத் தெரிந்தது வீட்டில் எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்தால் புடவை திரும்பத்தான் செய்யும்.

ஆகவே, சீக்கிரம் முடிவாவது, திரும்பாதது, மறுபடியும் தேவைப்படுவது, வாங்குகிறவர் நம்மிடம் யோசனை கேட்க வேண்டியது — இந்த நான்கும் ஓரளவு சேர்ந்த சரக்கைத் தேட வேண்டும். "புடவை" என்று பொதுவாக எடுத்தால் சென்னைப் பெருங்கடைகளின் விளம்பரச் செலவோடு மோத வேண்டி வரும். குழந்தைக்குப் பட்டுப் பாவாடை என்று குறுக்குங்கள். குழந்தை வளர வளர அடுத்த அளவு வேண்டும். வாங்கியவர் மறுபடி வருவார். மடிசாருக்கு ஒன்பது கஜம், அறுபதாம் கல்யாணத்துப் புடவை, பட்டை மடித்து வைக்கும் பருத்தித் துணிப் பை என்று நம் ஊருக்கே தெரிந்த சின்னச் சின்ன வகைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. கோர்வை என்றால் என்ன, கரைக்குத் தனி நாடா ஏன், பக்கத்தில் ஒரு துணையாள் எதற்கு என்று தறியடியில் நின்றே விளக்க நம் பிள்ளைகளால் முடியும். பெங்களூரில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது வராது.

கூட்டத்தைப் பார்த்துச் சரக்கு தேர்ந்தெடுப்பதும் ஆபத்து. 2019-ல் அத்திவரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் நடந்தபோது ஊர் தாங்காத ஜனம். அதையே நம்பித் தொழில் தொடங்கியவர் அடுத்ததற்கு நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டும்! ஆடியும் மார்கழியும் கல்யாணச் சரக்குக்கு மந்தம் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

ஒரே முதலாளியை நம்புவதில் உள்ள அபாயம் வேறு. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் மரச்சாமான் வகைக்குக் கொடுத்துவந்த 8 சதவீதத்தை 3 ஆக ஒரேயடியாகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதில் மட்டும் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் கடைவீதியே இல்லை. வாடிக்கையாளர் சம்மதத்தோடு அவர் போன் நம்பரை நம் பேரேட்டில் எழுதி வைப்பது பழைய வழக்கம்தான். இன்றும் அதுவே காப்பாற்றும்.

சட்டப் பக்கம் அலட்சியம் கூடாது. கமிஷன் பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பரிந்துரைத்தவரும் இதற்கு விலக்கல்ல. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பவர்லூம் சரக்கைக் காஞ்சிப் பட்டு என்று காட்டி ஆள் அனுப்புகிறவர், கமிஷனைவிடப் பெரிய தொகையைப் பணயம் வைக்கிறார். சில்க் மார்க் அட்டை இருந்தால் அது பட்டு என்று மட்டுமே பொருள். கைத்தறி என்பதற்கு அது சாட்சியல்ல. லிங்க் கொடுக்குமுன் கடைக்காரரிடம் இரண்டையும் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கமிஷன் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிற நம் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அமேசானுக்குப் போகாமலே இதைச் செய்யலாம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அடையாள எண் கொடுங்கள். வாங்குகிறவர் கடைக்கு நேரில் வந்து அந்த எண்ணைச் சொன்னாலும் கமிஷன் உண்டு என்று வையுங்கள். மேலே சொன்ன வேன் குடும்பம் அப்போது கணக்கில் வந்துவிடும். சரக்கு திருப்பும் கெடு முடிந்த பிறகே பணம் என்று எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கமிஷன் மீது வரிப் பிடித்தம் செய்யக் கடமைப்பட்ட கடைகளுக்கு, 2024 அக்டோபர் முதல் அது 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யவும். கமிஷனைப் புடவை விலையில் ஏற்றி வைக்கிற ஆட்டோக் காலத்துப் பழக்கம் மட்டும் இங்கே வேண்டாம். அடுத்த கடை விலையை வாங்குகிறவர் தம் கைப்பேசியிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்.